ஐப்பசியில் ஒரு நாள் ஆற்றங்கரையில்: குஞ்சுக்குளமா, முத்தையன்கட்டா, வவுனிக்குளமா?

லண்டனில் பள்ளிக்கூடங்களுக்கு ஒக்டோபர் கடைசியில் ஒரு கிழமை லீவு. அங்கே மரங்கள் மஞ்சளாகி இலை கொட்டுகிற காலம். தங்கச்சி அந்தக் கிழமையோடு இன்னும் நாலைந்து நாளைச் சேர்த்துக்கொண்டு குடும்பத்தோடு வவுனியாவுக்கு வருகிறாள். போன ஞாயிறு போனில் அவள் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா, கல்யாண வீடு, கோயில், கடை எல்லாம் வேற நாளில பாப்பம். ஒரு நாள் முழுக்க ஒரு ஆத்தங்கரையில நிக்கவேணும். சின்ன ஊராப் பாத்துக் கூட்டிக்கொண்டு போ. பிள்ளையள் மண்ணில இருக்கட்டும். அம்மாவும் வரவேணும்."

நாங்கள் நாலு பேர், அவர்கள் நாலு பேர், அம்மா. ஒன்பது பேருக்கு ஒரு ஹயேஸ் வான் காணும். எங்கே போவது என்பதில்தான் வீட்டில் மூன்று நாளாக ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடம் சொல்லிக்கொண்டு இருந்தோம். நான் விசாரித்ததையும் யோசித்ததையும் இங்கே எழுதிவைக்கிறேன். இதே காலத்தில் வெளிநாட்டு உறவுகளோடு வன்னிக்குள் ஒரு நாள் பயணம் போக நினைக்கிற ஆட்கள் நிறையப் பேர் இருப்பீர்கள்.

இடத்தைப் பற்றிக் கதைக்க முன்னம் காலத்தைப் பற்றிக் கதைக்கவேணும். எங்கள் பக்கத்தில் இலையுதிர்காலம் என்று தனியாக ஒன்று இல்லை. வைகாசியில் தொடங்கிய சோளகக் காற்று புரட்டாதியோடு ஓயும். வாடை இன்னும் தொடங்கியிராது. அந்த இடைவெளியில் காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், மத்தியானம் புழுங்கும், பின்னேரம் மூன்று நாலு மணிக்கு எங்கிருந்தோ கருமுகில் திரண்டு இடியும் மின்னலுமாக ஒரு மணித்தியாலம் ஊத்தும். அடுத்த நாள் காலையில் ஒன்றும் நடக்காத மாதிரி வானம் வெளித்துவிடும். கார்த்திகை பிறந்தால் இந்தக் கணக்கு மாறும். பிறகு வருவது நாள்கணக்கில் விடாமல் பெய்கிற மாரி மழை.

ஆகவே ஐப்பசி முற்பாதியில் போகிறதென்றால் பொழுது விடிய முன்னம் வெளிக்கிட்டு, பின்னேரம் மூன்று மணிக்கெல்லாம் வானுக்குள் ஏறி இருக்கவேணும். இதை நான் அனுபவப்பட்டுத்தான் சொல்கிறேன். போன வருசம் இதே மாதத்தில் ஒரு குளக்கரைக்குப் போக வான் ஒன்று பேசி வைத்திருந்தோம். காலை ஆறு மணிக்கு வருவதாகச் சொன்ன வான் எட்டேகாலுக்கு வந்தது. நாங்கள் போய் இறங்கப் பதினொரு மணி. வெயில் உச்சியில் நிற்க, நிழல் இல்லாத அணைக்கட்டில் பாயை விரித்தோம். சாப்பிட்டு முடிய இடி தொடங்கிவிட்டது. அம்மாவுக்குப் போக ஒரு மலசலகூடமும் அங்கே இல்லை. திரும்பி வரும்வரைக்கும் மனுசி ஒன்றும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தா. அன்றைக்கு இரவு நான் நித்திரை கொள்ளவில்லை.

அந்த நாள்தான் இந்த முறை எனக்கு அளவுகோல். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது, முழங்கால் மடங்காது. தங்கச்சியின் சின்னவளுக்கு ஐந்து வயது, நீந்தத் தெரியாது. இந்த இரண்டு பேருக்கும் சரிவருகிற இடம் மற்ற ஏழு பேருக்கும் சரிவரும். படத்தில் வடிவாகத் தெரிகிற இடம் எது என்று நான் பார்க்கவில்லை. நிழல், கால் நனைக்கிற அளவு தண்ணீர், போகிற வழியில் மலசலகூடம், திரும்பி வருகிற நேரம், இந்த நாலையும்தான் பார்த்தேன்.

பெரியவன் முதலில் சொன்னது இரணைமடு. வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது. பார்க்கவேண்டிய இடம், அதில் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் தங்கச்சி கேட்டது ஆற்றங்கரைச் சிற்றூர். இரணைமடுவில் அணைக்கட்டில் நின்று கடல் மாதிரிக் கிடக்கிற தண்ணீரைப் பார்க்கலாம், காற்று வாங்கலாம், அரை மணித்தியாலத்தில் பிள்ளைகள் "இனி என்ன?" என்று கேட்பார்கள். யாழ்ப்பாணம் போகிற நாளில் வழியில் ஒரு எட்டுப் பார்த்துவிடலாம். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்குகிற வேலையும் அந்த நாளோடு முடியும். அதனால் இரணைமடுவைத் தனிப் பயணமாக எடுக்கவில்லை.

வவுனிக்குளம் என் வீட்டுக்காரர், இவருடைய தெரிவு. மாங்குளத்தால் திரும்பி மல்லாவிப் பக்கம் போகவேணும். பாலியாற்றை மறித்த பழைய குளம், கரையில் சிவன் கோயில், குளத்து மீன் அன்றன்றே கிடைக்கும். நல்ல இடந்தான், ஆனால் மாதம் பிழை. மாரிக்கு முன்னம் குளம் வற்றி, தண்ணீர் கரையை விட்டுத் தள்ளிக் கிடக்கும். நடுவில் இருப்பது சேறும் மாட்டுக் குளம்படியும். தை மாசியில், மழை ஓய்ந்து குளம் நிரம்பி, வயல் எல்லாம் பச்சையாக நிற்கிற நேரம் வவுனிக்குளத்துக்கு நிகரில்லை. லீவு எங்கள் கையில் இருந்தால் பொங்கல் முடிந்து இரண்டாம் சனிக்கிழமையை அதற்கென்று ஒதுக்கி வைத்திருப்பேன்.

மிச்சம் இரண்டு. ஒன்று ஒட்டுசுட்டானுக்கு உள்ளே, பேராற்றை மறித்த முத்தையன்கட்டுக் குளம், மற்றது மன்னார்ப் பக்கம் குஞ்சுக்குளம். உண்மையான இழுபறி இந்த இரண்டுக்கும் இடையில்தான்.

முத்தையன்கட்டுக்கு ஏ9 வீதியால் போய் புளியங்குளத்தில் திரும்பி, நெடுங்கேணி கடந்து, ஒட்டுசுட்டான் போய் உள்ளே இறங்கவேணும். அந்தப் பாதை எனக்குப் பிடித்த பாதை. ஐப்பசியில் காலபோக விதைப்பு நடக்கிற நேரம். இரண்டு பக்கமும் உழவு மெசின் ஓடிக்கொண்டு இருக்கும், அதற்குப் பின்னால் கொக்குகள் வரிசையாக நடந்து புழுப் பொறுக்கும். புழுதி விதைப்பு விதைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். லண்டனில் பிறந்த பிள்ளைகளுக்குச் சோறு எங்கிருந்து வருகிறது என்று காட்ட இதைவிட நல்ல பாதை கிடையாது.

ஒட்டுசுட்டானில் தான்தோன்றீஸ்வரர் கோயில் இருக்கிறது. பக்கத்தில் கற்சிலைமடு. 1803 ஒக்டோபர் 31ஆம் திகதி வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் அங்கேதான் வொன் டிரிபேர்க் என்ற வெள்ளைக்காரக் கப்டனிடம் தோற்றான் என்று நினைவுக்கல் சொல்லுகிறது. அதே வருசம் ஓகஸ்டில் முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன் அவன். எங்கள் பயணமும் அதே ஒக்டோபர் கடைசியில் வருகிறது. தங்கச்சியின் மூத்தவன் சரித்திரம் படிக்கிற பிள்ளை, அவனை அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்திக் கதை சொல்ல எனக்கு ஆசை.

முத்தையன்கட்டில் எங்கள் சித்தப்பா வீடு இருக்கிறது. இதுதான் அந்தத் தெரிவின் பெரிய பலம். கிணறு இருக்கிறது, மலசலகூடம் இருக்கிறது, அம்மா காலை நீட்டிச் சாய்ந்திருக்கத் திண்ணை இருக்கிறது. மழை வந்தால் வீட்டுக்குள் ஏறிவிடலாம். சோறு கட்டிக்கொண்டு போகத் தேவையில்லை. சின்னம்மா ஊர்க்கோழி அடித்துக் குழம்பு வைப்பா. செலவும் குறைவு.

ஆனால் எங்கள் ஆட்களை எங்களுக்குத் தெரியும். ஒன்பது பேர் போய் இறங்கினால் அது ஆற்றங்கரைப் பயணமாக இராது, உறவுக்காரர் வீட்டுப் பயணமாகிவிடும். தேத்தண்ணி, பலகாரம், பக்கத்து வீட்டார் பார்க்க வருவது, "எப்ப வந்தனீங்கள், எப்ப போறியள்", சமையல், சாப்பாடு, சாப்பிட்ட களைப்பு. அம்மா இருக்கச் சொன்னாலும் இருக்கமாட்டா, வெங்காயம் உரிக்கக் குசினிக்குள் போய்விடுவா. பேராற்றுப் பக்கம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக மூன்று மணியாகும். மூன்று மணிக்கு இடி இடிக்கும். அதுவுமல்லாமல் மழைக்கு முன்னம் குளத்துக்குக் கீழே பேராறு ஒரு வாய்க்கால் அளவுதான், கரை முழுக்கப் புல்லும் பற்றையும். பின்னேரம் பிந்தி வெளிக்கிட்டால் நெடுங்கேணிக் காட்டுப் பாதையில் யானை நிற்கும். சித்தப்பாவைப் பார்க்கவேணும், கட்டாயம் பார்க்கவேணும். அதற்கு இன்னொரு நாள் இருக்கிறது.

இனி குஞ்சுக்குளம்.

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியால் பூவரசன்குளம் கடந்து, பறையனாலங்குளத்தில் மதவாச்சி மன்னார் வீதியில் ஏறி, மடு வீதிச் சந்தி தாண்டிப் போகவேணும். முருங்கனுக்கு முன்னம் தெற்குப் பக்கமாக உள்ளே இறங்கினால் அருவி ஆற்றங்கரையில் இந்தச் சிற்றூர். சிங்களத்தில் மல்வத்து ஓயா என்று சொல்லுகிற அதே ஆறுதான். 164 கிலோமீற்றர் நீளம். மகாவலிக்கு அடுத்தபடியாக நாட்டின் நீளமான ஆறு இதுதான். அனுராதபுரத்தைத் தொட்டுக்கொண்டு வந்து அரிப்புக்குப் பக்கத்தில் கடலில் விழுகிறது. குஞ்சுக்குளத்துக்குப் பக்கத்தில் தேக்கம் என்ற இடத்தில் பழைய கல்லணை ஒன்று ஆற்றை மறித்து, வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக்குளத்துக்குத் தண்ணீரைத் திருப்புகிறது. மன்னாரின் நெல்வயல்கள் அந்தத் தண்ணீரில்தான் விளைகின்றன.

இரண்டு வருசத்துக்கு முன்னம் ஆவணி மாதத்தில் ஒருக்கா அங்கே போயிருக்கிறேன். வானை விட்டு இறங்கியவுடன் முதலில் உடம்புக்குத் தெரிந்தது குளிர்ச்சி. வீதியில் அனல் பறக்க, ஆற்றங்கரையில் மட்டும் வேறு காலம் நடந்துகொண்டு இருந்தது. கரை நெடுக மருதமரங்கள். மூன்று பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம், வெள்ளையும் சாம்பலுமாகத் தோல் உரிந்து நிற்கும். வேர்கள் மண்ணை விட்டு வெளியே வந்து, ஆற்றுக்குள் படிக்கட்டு மாதிரி இறங்கும். ஒரு வேரில் ஒரு ஆச்சி இருந்து துணிக்குச் சவர்க்காரம் போட்டுக்கொண்டு இருந்தா. அந்த வேரின் மேல்பக்கம் பல வருசமாகத் துணி அடித்து, கைப்பிடி மாதிரி வழுவழுப்பாகத் தேய்ந்து கிடந்தது. தண்ணீர் ஆற்றின் ஒரு பக்கமாக ஒதுங்கி முழங்கால் அளவில் ஓடியது, மற்றப் பக்கம் முழுக்கப் பொன்மணல். பிள்ளைகள் கையால் ஊற்றுத் தோண்டினார்கள். ஒரு சாண் தோண்டத் தெளிந்த தண்ணீர் சுரந்தது.

ஆற்றுக்கு மேலே ஒரு தொங்கு பாலம் இருக்கிறது. இரும்பு வடத்தில் தொங்குகிற ஒடுக்கமான பாலம். கால் வைத்தவுடன் ஆடும், நடுவுக்குப் போனால் பக்கவாட்டிலும் ஆடும். மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகள் அதைப் பார்க்கவென்றே வருவார்கள். மாரியில் ஆறு பெருகித் தரைப்பாதை வெட்டுப்பட்டால் ஊராருக்கு அது வேடிக்கைப் பொருள் இல்லை, போக்குவரத்துப் பாதை. அதனால் ஏற முன்னம் ஊரில் ஒருவரைக் கேளுங்கள், பாலம் இப்போது எப்படி இருக்கிறது, எத்தனை பேர் ஒன்றாகப் போகலாம் என்று. ஒவ்வொரு மாரியும் அந்த ஆறு கரையை மாற்றி எழுதுகிறது, போன வருசம் பார்த்தது இந்த வருசம் அப்படியே இருக்கும் என்று சொல்ல ஏலாது.

அம்மாவின் முழங்காலுக்கும் மலசலகூடத்துக்கும் வழி மடுவில் இருக்கிறது. குஞ்சுக்குளம் சிற்றூர், அங்கே அப்படி வசதிகளை எதிர்பார்க்கக்கூடாது. ஆனால் போகிற வழியில் மடு வீதிச் சந்தியால் உள்ளே திரும்பினால் மடுமாதா கோயில். ஆவணித் திருவிழாவில் லட்சக்கணக்கில் சனம் நிற்கிற வளவு, அதனால் யாத்திரிகர்களுக்கான மலசலகூடமும் தண்ணீர்க்குழாயும் இருக்கின்றன. ஐப்பசியில் அந்தப் பெரிய வளவு அமைதியாகக் கிடக்கும். 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் வந்து நின்ற இடம். நாங்கள் சைவச் சனம், ஆனாலும் மடுவுக்கு மெழுகுதிரி கொளுத்தாத வீடு வன்னியில் குறைவு. பாம்புக்கடிக்குக் காவல் என்று அம்மா மடு மண்ணை ஒரு சின்னப் பொட்டலமாகக் கட்டிச் சாமியறையில் வைத்திருக்கிறா. அந்தப் பொட்டலம் கரைந்துபோச்சுது, புது மண் எடுக்கவேணும் என்று இரண்டு வருசமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறா. காலையில் மடுவில் ஒரு மணித்தியாலம், பிறகு ஆறு. திரும்பி வரும்போதும் தேவையென்றால் மடு இருக்கிறது.

குஞ்சுக்குளத்தின் ஆபத்தையும் சொல்லவேணும். அருவி ஆறு எங்கள் மழையை மட்டும் நம்பி ஓடுகிற ஆறு இல்லை. அனுராதபுரத்தில் இரவிரவாக மழை பெய்தாலும், மேலே குளங்களின் வான்கதவைத் திறந்தாலும், இங்கே வெயில் எறிக்கத் தண்ணீர் ஏறும். நீரோட்டத்தின் நிறம் கலங்கிச் செம்மண் நிறமாக மாறினால், சருகும் தடியும் மிதந்து வந்தால், அந்த நிமிசமே பிள்ளைகளைக் கரையேற்றவேணும். போக முதல் நாள் இரவு நீர்ப்பாசனத் திணைக்களம் மல்வத்து ஓயாவுக்கு ஏதும் எச்சரிக்கை விட்டிருக்கிறதா என்று பாருங்கள். இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கும் எடுத்துக் கேட்கலாம். எச்சரிக்கை இருந்தால் அந்தப் பயணம் இல்லை. அணைக்கட்டுக்குக் கிட்டக் குளிக்கவே கூடாது.

மற்றது முதலை. எங்கள் குளங்களிலும் ஆற்று மடுக்களிலும் முதலை இருக்கிறது என்பதை வெளிநாட்டுப் பிள்ளைகள் கதையென்று நினைப்பார்கள். ஆழமான, ஓடாத, கருந்தண்ணீர் மடு எதற்குள்ளும் இறங்கக்கூடாது. ஊராட்கள் குளிக்கிற துறை எது என்று கேட்டு, அங்கே, முழங்கால் அளவுத் தண்ணீரில், பெரியவர் ஒருவர் கீழ்ப்பக்கமாக நின்றுகொள்ளப் பிள்ளைகளை விடலாம். காலில் புண் உள்ள பிள்ளையைத் தேங்கின தண்ணீரிலோ வயற்சேற்றிலோ விடவேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. இடி முழங்கினால் மரத்தடியில் ஒதுங்காமல் வானுக்குள் ஏறவேணும். இன்னொன்று எல்லா இடத்துக்கும் பொருந்தும்: வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முழுதாக முடியவில்லை. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அந்தப் பக்கம் ஒரு அடியும் வைக்கக்கூடாது. பந்து காட்டுக்குள் போனால் போகட்டும்.

இவ்வளவையும் வைத்துப் பார்த்தபோது எனக்கு மனம் குஞ்சுக்குளத்தில் நின்றது. ஆனாலும் ஒரு காரணத்தால் வாய் திறந்து சொல்லாமல் இருந்தேன். அந்தக் காரணம் அருவி ஆறுதான்.

2009இல் நாங்கள் செட்டிகுளத்துப் பக்கம், போரில் இடம்பெயர்ந்த சனத்தை வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் இருந்தோம். அந்த முகாமுக்குத் தண்ணீர் இந்த ஆற்றிலிருந்துதான் வந்தது. குழாயடியில் தண்ணீர்க் கானை வரிசையில் வைத்துவிட்டு அம்மா வெயிலில் நிற்பா. என்னுடைய மூத்தவன் அப்போது கைக்குழந்தை. தங்கச்சி அதற்கு முன்னமே லண்டன் போய்விட்டாள், அவளுக்கு அந்த ஆறு பெயரளவில்தான் தெரியும். முகாம் 2012இல் மூடினார்கள். அதற்குப் பிறகு அம்மா அருவி ஆற்றைப் பற்றிக் கதைத்து நான் கேட்டதில்லை. அந்த ஆற்றங்கரைக்கு அவவைக் கூட்டிக்கொண்டு போய் இருத்துவது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. முத்தையன்கட்டு என்றால் இந்த யோசனையே வராது.

செவ்வாய்க்கிழமை இரவு அம்மா கீரை ஆய்ந்துகொண்டு இருக்கும்போது கேட்டேன்.

"அம்மா, குஞ்சுக்குளம் போவமோ எண்டு யோசிக்கிறம். அருவியாத்தங்கரை. உங்களுக்கு ஒண்டும் செய்யாதோ?"

கொஞ்ச நேரம் கீரையையே பார்த்துக்கொண்டு இருந்தா. "அந்தத் தண்ணி குடிச்சுத்தானே உன்ர பிள்ளை வளந்தது," என்றா. பிறகு, "நான் அந்த ஆத்தை வடிவாப் பாத்ததே இல்லை. கானைத்தான் பாத்தனான். கூட்டிக்கொண்டு போ," என்றா.

அத்தோடு வீட்டில் பேச்சு முடிந்தது. இவரும் வவுனிக்குளத்தைத் தைக்குத் தள்ளிவைத்துவிட்டார்.

நாள் சனிக்கிழமை. எங்கள் பிள்ளைகளுக்கு மூன்றாம் தவணை நடக்கிறது, கிழமை நாளில் மறிக்க ஏலாது. ஞாயிறென்றால் மடுவில் பூசைக்கு வருகிற வாகனங்கள் கூட. தங்கச்சி ஆட்கள் செவ்வாய் வந்து இறங்குகிறார்கள், வருகிற முதல் சனிக்கிழமையையே எடுத்துக்கொண்டோம். அடுத்த சனிக்கிழமை மட்டும் பொறுத்தால் மாரி இன்னும் ஒரு கிழமை கிட்ட வந்துவிடும். செவ்வாய்க்கும் சனிக்கும் இடையில் நாலு இரவு இருக்கிறது. அந்த அவகாசம் பிள்ளைகளின் நித்திரைக்கு வேணும், எங்களுக்கு விடிய ஐந்து மணி என்றால் லண்டன் உடம்புக்கு நடுச்சாமம் பன்னிரண்டரை.

வான் இந்த முறை அடுத்த ஒழுங்கையில் இருக்கிற ஆளிடம் பேசியிருக்கிறோம். வாகனம் முதல் நாள் இரவே எங்கள் கேற்றடியில் நிற்கும். காலை ஐந்தரைக்கு வெளிக்கிட்டால் ஏழு மணியளவில் மடு. எட்டரைக்கு முன்னம் ஆற்றங்கரை. ரயிலில் போகலாமா என்று தங்கச்சியின் அவர் கேட்டார். தலைமன்னார்ப் பாதையில் மடு வீதி நிலையம் இருக்கிறது, ஆனால் வவுனியாவிலிருந்து மதவாச்சிக்கு இறங்கி மாறவேணும், பிறகு நிலையத்திலிருந்து ஆற்றுக்கு ஒன்பது பேருக்கு வாகனம் தேடவேணும். அம்மாவை வைத்துக்கொண்டு அது சரிவராது.

சாப்பாடு வீட்டிலிருந்து. ஆற்றங்கரையில் கல் வைத்துச் சமைக்கலாம் என்று இவர் சொன்னார். காட்டுக் கரையில் நெருப்பு மூட்ட எனக்கு விருப்பமில்லை, அதோடு சமையல் என்றால் பெண்கள் மூன்று பேரும் ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருப்போம். காலைக்கு இடியப்பமும் மாசிச் சம்பலும் அவித்த முட்டையும். மத்தியானத்துக்கு வாழையிலையில் கட்டுச்சோறு. தேங்காய்ப்பால் விட்ட கறி எதுவும் கட்டுவதில்லை, அந்தப் புழுக்கத்தில் பதினொரு மணிக்கே புளித்துவிடும். கத்தரிக்காய்ப் பொரியல், வாழைக்காய்ப் பொரியல், மோர்மிளகாய், பிரட்டலாக இறக்கின கோழி. இலையை வாட்டிக் கட்டினால்தான் கிழியாது, சோற்றுக்கும் அந்த வாசம் ஏறும். தங்கச்சி கட்டுச்சோற்றை அவிழ்த்து மணந்து பதினாறு வருசமாச்சுது. குடிக்கத் தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர். பிளாஸ்ரிக் போத்தலோ சொப்பிங் பையோ ஒன்றுகூட அந்த மணலில் விட்டு வரமாட்டோம், வெறும் உரப்பை ஒன்று குப்பைக்கென்றே வானில் வைத்திருக்கிறேன். அம்மாவுக்கு மடக்குக் கதிரை. பாயில் இருந்தால் எழும்ப ஏலாது.

பாலத்தில் அம்மா ஏறமாட்டா. ஏறவும் வேண்டாம். கரையில் கதிரையைப் போட்டு விட்டால் பிள்ளைகள் ஆடி ஆடிப் போவதைப் பார்த்துக்கொண்டு இருப்பா. இரண்டரை மணிக்குச் சாமான் கட்டத் தொடங்கி, மூன்று மணிக்கு வானில் ஏறுவோம். அந்த நேரம் வானம் வெளித்திருந்தால் மட்டும் வீட்டுப் பக்கம் திரும்பாமல், முருங்கன் தாண்டிக் கட்டுக்கரைக்குளத்தில் கால் மணித்தியாலம் நிறுத்துவோம். வீதியோரத்திலேயே அணைக்கட்டு, இறங்கி நடக்கத் தேவையில்லை. ஒக்டோபரில் வடக்கிலிருந்து வலசைப் பறவைகள் வரத் தொடங்கியிருக்கும், கூழைக்கடாவும் நாரையும் எப்போதும் நிற்கும். முகில் கறுத்திருந்தால் நேரே வீடு.

மழை முந்திவிட்டால்? அதற்கும் கதைத்து வைத்திருக்கிறோம். வெள்ளி இரவு எச்சரிக்கை வந்தால் குஞ்சுக்குளம் இல்லை, விடிய சித்தப்பாவுக்கு ஒரு போன், வான் ஒட்டுசுட்டான் பக்கம் திரும்பும். தங்கச்சியின் மூத்தவனுக்குக் கற்சிலைமடுவும் எங்களுக்குச் சின்னம்மாவின் கோழிக்குழம்பும். அம்மா குசினிக்குள் போகாமல் பார்ப்பது என் பொறுப்பு.

அதற்கிடையில் வருகிற ஞாயிறு நானும் இவரும் மோட்டார் சைக்கிளில் குஞ்சுக்குளத்துக்கு ஒருக்காப் போய் வரப் போகிறோம். வான் எதுவரைக்கும் உள்ளே போகும், அங்கிருந்து துறைக்கு எத்தனை அடி நடக்கவேணும், கரை இறங்குகிற இடம் செங்குத்தா சரிவா, அந்தத் தேய்ந்த மருதம் வேர் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்க்கவேணும். அம்மா நேற்றுக் கேட்டது அதைத்தான்: "பிடிச்சுக்கொண்டு இறங்க ஏதும் இருக்கோ பிள்ளை? நான் காலை ஒருக்கா நனைக்கவேணும்."